சாமிக்குக் கட்டாத துணி

அந்தத் துணி நேற்று அங்கே இல்லை.

மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த அழகுபாண்டி, வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்குத் தெற்கே இருக்கும் காலி மனையின் தூரத்து மூலைக் கல்லில் சிவப்பாக ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. மாசி வெயில் காலை ஏழு மணிக்கே சுள்ளென்று ஏறியிருந்தது, காற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை, மனையைச் சுற்றி மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனால் அந்தத் துணியின் நுனி மட்டும், யாரோ இப்போதுதான் முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்தது போல, மெல்ல அசைந்து அடங்கியது.

பரவை மார்க்கெட்டைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் சோளம் போட்ட நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற இடம் அது. நாற்பது மனைக்கு ஐந்து வீடுகள்தான் வந்திருந்தன. அழகுபாண்டி தனக்கு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்து மனையை மகள் சுபலட்சுமி பேரில் வாங்கிப் போட்டிருந்தார். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். அந்த மனைதான் அப்பா கொடுக்கிற சீர். வருகிற சனிக்கிழமை காலையில் அதில் பூமி பூஜை.

வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கிப் போனார். துணி பட்டு. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மங்கிய சரிகை. கத்தரி படாத துணி. பல்லால் கடித்துத் தொடங்கிக் கையால் கிழித்திருந்தார்கள், நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது. அடியில் மூன்று கற்கள், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக. நாலு அடி தள்ளியே அவர் கால்கள் நின்றுவிட்டன. போய் அவிழ்த்துப் போடு என்று மனசு சொல்லியும் கால் கேட்கவில்லை. பட்டாளத்தில் வெடி எடுக்கும் பிரிவில் இருபது வருசம், பிறகு கடல் தாண்டி இலங்கை வன்னியில் நாலு வருசம் பழகிய கால்கள் அவை. மூக்கு தன்பாட்டுக்கு முகர்ந்தது. பனையோலை எரிந்த வாடை. இந்தப் பக்கம் யார் வீட்டிலும் பனையோலை எரிப்பதில்லை.

“ஏங்க, அங்க என்னத்த மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

மனைவி அன்னக்கொடி வாளியோடு வந்தாள். துணியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

“ஆத்தி! செவப்பு கட்டி, கல்லு வச்சிருக்கு. யாருங்க வச்சது?”

“எவனாச்சும் வெளையாட்டுக்குக் கட்டியிருப்பான். நீ போயி வேலயப் பாரு.”

“வெளையாட்டா? செவராத்திரி வருது. நம்ம சாமி பிள்ளைக்கு எடம் காட்டுது. மொதல்ல செருப்பக் கழட்டுங்க.”

அவர் கழற்றவில்லை. அவள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. வெயில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெயிலுக்குக் காது மடல் இப்படிச் சுடாது. அது அவமானம். ஆறு வருசமாக உள்ளுக்குள் கிடப்பது, ஒரு துண்டுத் துணியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மதியம் பசுமலைக் கல்லூரியில், காவலாளிகளுக்கு மேற்பார்வையாளராக அவர் உட்காரும் சின்ன அறையில், வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது.

“அண்ணை, நான் இம்மானுவேல். வன்னியில உங்கட ஆய்வுக் குழுவில இருந்தனான். நினைவிருக்கே?”

“இருக்குய்யா. சொல்லு.”

“ஒரு விசயம் கேக்க வேணும். தர்சினியெண்ட பிள்ளை வெடியில போன காணி இருக்கெல்லோ. அதைச் சுத்தியிருக்கிற மிச்சக் காணியளைப் பதினொரு குடும்பத்துக்குக் குடுக்கப் போகினம். வாற வெள்ளிக்கிழமை பத்திரம் குடுத்தால் சனம் அண்டைக்கே உள்ளுக்குப் போகும். நீங்கள் எழுதின அறிக்கையில அடையாளம் ஒண்டும் இல்லையெண்டு இருக்கு. ஆனா அந்தத் தாய் மனுசி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா, தான் துணி கட்டினது எண்டு. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். நான் எல்லாத்தையும் நிப்பாட்டித் திரும்பவும் தேடச் சொல்லுவன்.”

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அழகுபாண்டி மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினார்.

“அப்ப எழுதுனதுதான்ய்யா. ஒண்ணுமில்ல,” என்றார்.

அவருடைய வேலை அங்கே கண்ணிவெடி எடுப்பது அல்ல. அதற்கு முந்தின வேலை. போர் முடிந்த ஊரில் எந்த நிலத்தில் வெடி இருக்கலாம், எதில் இருக்காது என்று கேட்டு அறிவது. அதைச் செய்கிறவன் நிலத்துக்குள் கால் வைக்க மாட்டான். வெளியே நின்று சனங்களைக் கேட்பான்: இங்கே யார் இருந்தார்கள், மாடு எதுவரை மேயும், விறகுக்கு எந்தப் பக்கம் போவீர்கள், எந்தப் பக்கம் போக மாட்டீர்கள். ஊரார் தங்களுக்குள் வைத்திருக்கும் எச்சரிக்கைகளையும் தேடுவான். முடிந்த ஓலை, குறுக்கே போட்ட குச்சி, கட்டிவைத்த துணி. வெடி எடுக்கிறவர்கள் மண்டியிட்டு ஒரு கெஜம் நிலத்தைத் தேட மணிக்கணக்காகும். அழகுபாண்டி ஒரு கையெழுத்துப் போட்டால் பத்து ஏக்கர் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விடும். தமிழ் பேசுகிற ஆள், கிராமத்துக்காரர், சனங்களைப் புரிந்துகொள்வார் என்றுதான் அவரை அங்கே எடுத்தார்கள்.

ஆறு வருசத்துக்கு முந்தி, அதுவும் மாசி. மறுநாள் அவருக்கு விடுமுறை. சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலுக்கு வந்தாக வேண்டும், பங்காளிகள் எல்லாம் காத்திருப்பார்கள். கடைசியாக ஒரு காணி மிச்சம் இருந்தது. கடை வாசலில் இருந்த ஆண்களைக் கேட்டார். அவர்கள் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்கள், ஒன்றும் தெரியாது என்றார்கள். நாகேஸ்வரியெண்ட மனுசிக்குத்தான் தெரியும், அவா வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போயிருக்கிறா, நாளண்டைக்கு வருவா என்றார்கள். அவருக்கு நாளை மறுநாள் இல்லை.

காணியின் ஓரத்தில் தலை முறிந்து நின்ற அடிப்பனை ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கீழே மூன்று கற்கள். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஐந்து. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் ஊர்க்காட்டில் மரத்தில் சிவப்புக் கட்டி மூன்று கல் வைத்தால் அங்கே சாமி குடியிருக்கிறது என்று அர்த்தம். பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். ஊருக்குப் போகிற நேரத்தில் சாமியே எதிரில் வந்து வழியனுப்புகிறது என்றுகூட நினைத்துச் சந்தோசப்பட்டார். ‘வழிபாட்டிடம். மக்கள் வந்து போகிறார்கள். ஆபத்துக்கு ஆதாரம் இல்லை.’ எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் கழித்து நாகேஸ்வரியின் மகள் தர்சினி, தன் சீதனக் காணிக்கு வேலி போடக் கதியால் கம்பு நட உள்ளே போனாள். கல்யாணம் முடிந்து ஒன்பது நாள். அலுவலகத்தில் காணியில் வெடி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் அம்மா தடுத்தும் கேட்காமல் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் தவறு என்று ஒருவேளை சொல்லிக்கொள்ளலாம். விசாரணை வருவதற்கு முதல் நாள் இரவு அழகுபாண்டி கோப்பில் அந்தத் தாளை உருவிவிட்டு வேறு தாள் எழுதி வைத்தார். ‘அடையாளம் எதுவும் இல்லை.’ போனில் இருந்த படங்களை அழித்தார். காணி ஓரத்துத் துணிகள் வெடித் தீயில் பனையோலையோடு ஏற்கெனவே கருகிப்போயிருந்தன. வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். ஆபத்துக்குக் கட்டிய துணியைச் சாமி என்று கும்பிட்டவன் என்று நாலு பேர் சிரிப்பார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விசாரணையில் நாகேஸ்வரி அவருக்கு எதிரே நின்றாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

“தம்பி சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கும்பிட்டதெண்டு சனம் பாத்துச் சொன்னது. நான் அதைச் சாமிக்குக் கட்டேல்லை, தம்பி. உள்ளுக்குப் போகாதேங்கோ எண்டு கட்டினனான். துணிக்கு எங்க போறது, என்ர கூறைச் சேலையைத்தான் கிழிச்சனான்.”

“அந்தம்மா மக போன துக்கத்துல குழம்பிப்போயி பேசுறாங்க,” என்று அழகுபாண்டி எல்லாரும் கேட்கச் சொன்னார். “அப்படி ஒரு துணி அங்க இல்ல.”

அவரைத்தான் நம்பினார்கள். நாகேஸ்வரியின் மருமகன்கூட அவளைத்தான் திட்டினான், கட்டாததைக் கட்டினேன் என்று புளுகுகிறாள் என்று. ஆறு வருசமாக இந்தக் கதையை அவர் அன்னக்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. ஒப்பந்தம் முடிந்தது, வந்துவிட்டேன். அவ்வளவுதான் வீட்டுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு இரவுப் பணி. மதியம் வீட்டில் படுத்திருந்தார். உச்சி வெயில். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நாய்கூட நடமாடாது. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து சொட்டு விழுவது கேட்கும், சூடேறிய தகரம் டிக் டிக்கென்று விரிவது கேட்கும், தூரத்தில் ரோட்டில் போகிற லாரி இரைச்சல் வருவதும் தேய்வதுமாக இருக்கும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே புதிதாக ஒன்று கேட்டது. ‘கர்ர்ர்’ரென்று. மெதுவாக, நீளமாக, யாரோ பழைய பட்டைக் கிழிப்பது போல. நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடியும்.

எழுந்து சன்னலுக்கு ஓடினார். ஆள் இல்லை. ஆனால் மேற்குப் பக்கம் இரண்டு துணிகள் புதிதாகத் தொங்கின.

சாயந்திரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. எதிர் வீட்டுப் பாண்டீஸ்வரி தட்டும் சூடமுமாக வந்தாள். “மதினி, இம்புட்டு வருசம் இந்தக் காட்டுல கெடக்கோம், ஒரு சாமி எட்டிப் பாக்கல. ஒங்க பிள்ள ராசி, தானா எல்ல கட்டிக்கிட்டு வருது,” என்றாள். இரண்டு பெண்களும் வெறுங்காலோடு துணிக்குத் துணி போய்ச் சூடம் காட்டினார்கள். மஞ்சள் தெளித்தார்கள். சுபலட்சுமி செம்பருத்திப் பூவைக் கல்லின் மேல் வைத்தாள்.

“அத கும்புடாதீங்க,” என்றார் அழகுபாண்டி.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஏன்?” என்றாள் அன்னக்கொடி.

அந்த ஏனுக்குப் பதில் அவரிடம் இருந்தது. பதிலைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அதற்குப் பிறகு எல்லாமே வெளியே வரும். மகள் கையில் பூத்தட்டோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பட்டாளத்துக்காரர், வெடியிலிருந்து சனங்களைக் காப்பாற்றியவர் என்று கல்லூரியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் அவள்.

“சும்மாதான் சொன்னேன்,” என்றார்.

மறுநாள் விடிவதற்குள் பணியிலிருந்து வந்து, மூன்று துணியையும் ஒரு நீளக் கம்பால் அவிழ்த்து, கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பட்டு எரியும்போது வருகிற மயிர் பொசுங்கும் வாடை வரவில்லை. பனையோலை வாடை வந்தது. பிறகு அதற்கு அடியிலிருந்து, ஈர மண்ணும் வெடிமருந்தும் கலந்த அந்தக் கசப்பு வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். குளித்துவிட்டு மாடிக்கு வந்து பார்த்தபோது துணிகள் கட்டின இடத்திலேயே இருந்தன. மூன்று இல்லை. ஐந்து.

ஒரு தாளை எடுத்தார். வருசக்கணக்காகத் தொடாத வேலை, கை மறக்கவில்லை. வீட்டு மூலையை ஆதாரமாக வைத்து ஒவ்வொரு துணிக்கும் தூரத்தைக் கணக்கிட்டுப் புள்ளி வைத்தார். புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தார். ஐந்து மூலை. மேற்குப் பக்கம் மட்டும் யாரோ கடித்தெடுத்தது போல உள்ளே வளைந்திருந்தது. இதே படத்தை அவர் வரைந்திருக்கிறார். இதே வளைவு, அங்கே அது ஒரு குளத்தின் கரை. இங்கே குளம் இல்லை. அந்த ஐந்து மூலைக்கு நடுவில் அன்று தர்சினியின் காணி இருந்தது. இன்று அவருடைய வீடும், மகளுடைய மனையும் இருந்தன.

வியாழக்கிழமை துணி எதுவும் கூடவில்லை. அழகுபாண்டிக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். சமையல்கட்டில் மிக்ஸி ஓடும்போது அந்த இரைச்சலுக்குள், மண்ணில் இரும்பைக் கண்ட கருவி கூவுகிற சத்தம் கேட்டது. மதியம் மறுபடியும் கிழிகிற சத்தம். இந்தத் தடவை வெளியே இல்லை. பக்கத்து அறையில். கதவைத் திறந்தார். சுபலட்சுமி கட்டிலில் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா? வேர்த்து ஊத்துது.”

“ஏதோ கிழிஞ்ச மாதிரி கேட்டுச்சு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயே.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆனா ஏதோ பொகை வாடை அடிக்கிதுல்ல?”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இந்தப் பிள்ளையிடம் மட்டும். “ஆத்தா சுபா,” என்று ஆரம்பித்தார். அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, சொல்லுங்கப்பா என்றாள். அந்த முகம் மாறும். சொல்லி முடித்ததும் மாறும், பிறகு ஒருநாளும் பழையபடி ஆகாது.

“அந்த மனைக்குள்ள போகாத. பூச்சி பொட்டு இருக்கும்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சாயந்திரம் இம்மானுவேல் கூப்பிட்டான். “அண்ணை, மனுசி இண்டைக்கு எங்கட அலுவலகத்துக்கு வந்து வாசலிலயே இருக்கிறா. கையில கிழிஞ்ச சேலை. ஒரு முழம்தான் மிச்சம் இருக்கு. கும்பிட்ட தம்பி பொய் சொல்லாது, திரும்பக் கேளுங்கோ எண்டு சொல்லுறா. நீங்கள் உண்மையா ஒண்டும் காணேல்லையோ?”

கும்பிட்ட தம்பி. அழகுபாண்டிக்குக் கண் கலங்கியது. அழுகை வந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

“எத்தன தடவ கேப்ப?” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். வாசல்படியில் வந்து உட்கார்ந்தவர் கால்மாட்டில் பார்த்தார். கடைசிப் படிக்குக் கீழே மூன்று கற்கள். கீழே இரண்டு. மேலே ஒன்று. மேலே இருந்த கல்லில் செம்பருத்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பசுமலையிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலிலேயே அன்னக்கொடி மறித்து, “சாமி எடத்துல செருப்போட வராதீங்க,” என்று கழற்ற வைத்தாள். மேற்கே வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் மகளுடைய மனையைப் பார்த்தார்.

மனையின் நடுவில், நாளைய பூஜைக்குக் கொத்தனார் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருந்த இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிப்பனை நின்றது. கரிந்த அடிப்பனை. அதில் ஆறாவது துணி.

இந்த நிலத்தில் பனை இருந்ததே இல்லை.

“பாத்தீகளா அண்ணே!” பாண்டீஸ்வரி கண்ணில் நீரோடு கை கூப்பினாள். “நட்ட நடு எடத்துல வந்து நின்னுருச்சு.”

சுபலட்சுமி வெறுங்காலோடு, சூடத்தட்டை ஏந்திக்கொண்டு மனைக்குள் இறங்கப் போனாள்.

போன் அடித்தது. பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தார்.

“அண்ணை, பத்திரம் குடுத்தாச்சு. சனம் காணி வாசலில நிக்குது. ஒருத்தர் பத்தைச் செடியள் வெட்டக் கத்தியோட வெளிக்கிட்டிட்டார். மனுசி குறுக்க நிண்டு மறிக்கிறா. கடைசியாக் கேக்கிறன்…”

மகளுடைய வலது கால் எல்லைக்கல்லைத் தாண்டியது.

“நில்லு!”

அவருக்கே தெரியாத குரல். கருவேலத்திலிருந்து கொக்குகள் கிளம்பின. சுபலட்சுமி தூக்கிய கால் தூக்கியபடி நின்றாள். திரும்பினாள். சூட வெளிச்சம் முகத்தில்.

“ஏம்ப்பா? அங்க என்ன இருக்கு?”

“அண்ணை?” காதுக்குள் இம்மானுவேல். “ஆரை நிக்கச் சொல்லுறியள்? அங்க என்ன இருக்கு?”

ஒரே கேள்வி. இங்கேயும் அங்கேயும். அன்னக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். துணி. அந்த வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டு வந்தார். மகள் கண்ணைப் பார்த்தார். இன்னும் நம்பிக்கொண்டிருந்த கண்.

“ஒண்ணுமில்ல,” என்றார். “போ.”

இரண்டு பக்கமும் கேட்டது.

அவள் நடந்தாள். ஒரு அடி. இரண்டு. காய்ந்த புல் நொறுங்கியது. மூன்று. அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஏழு. எட்டு. கொலுசுச் சத்தம். பத்து. அடிப்பனைக்கு முன்னால் நின்றாள். குனிந்தாள். சூடம் காட்டினாள். நிமிர்ந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றது எதுவானாலும் ஆகட்டும் என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தார்.

காதில் வைத்திருந்த போனில் ஒரு சத்தம். பெரிதாக இல்லை. மூட்டையைப் போட்ட மாதிரி.

பிறகு காக்கைகள். பிறகு ஓடுகிற கால்கள். யாரோ ஐயோ மனுசி, கடவுளே என்று கத்தினார்கள். இம்மானுவேல் பேசவில்லை. அவன் மூச்சு மட்டும் இரைந்தது. அதுவும் நின்றது.

அந்த அமைதியில் கேட்டது. கர்ர்ர். போனுக்குள். நீளமாக. கடைசி முழமும் கிழிகிற சத்தம்.

அது போனுக்கு வெளியிலும் கேட்டது. மனைக்குள்ளிருந்து.

சுபலட்சுமி திரும்பி வந்துகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு. கையில் சிவப்பாக ஒன்று.

“அங்க ஒரு அம்மா நிக்கிறாங்கப்பா. அவங்கதான் இதக் கிழிச்சுக் குடுத்தாங்க. பேச்சே வேற மாதிரி இருந்துச்சு. ‘அப்பாட்டக் குடு பிள்ளை, அவருக்குக் கும்பிடத் தெரியும்’ன்னாங்க.”

அடிப்பனைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மசமசப்பு மட்டும் இருந்தது. இல்லை. யாரோ இருந்தார்கள்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் துணியைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். துணி ஈரமாக இருந்தது. சூடாக இருந்தது. பின்னால் நகர நினைத்தார். கால் வரவில்லை. குனிந்து பார்த்தார். வெறுங்கால். இரண்டு பாதங்களுக்கும் முன்னால் மூன்று கற்கள். இப்போது சொல்லிவிடுவேன் என்று நினைத்தார். உள்ளே போகாதீங்க. எல்லாத்தையும் சொல்லிர்றேன். உள்ளே போகாதீங்க. வாய் திறக்கவில்லை. தாடை மரத்துக் கிடந்தது. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது.

“அப்பா! என்னாச்சுப்பா?”

“கத்தாதடி,” என்றாள் அன்னக்கொடி மெதுவாக. அவள் குரல் பக்தியில் நடுங்கியது. “அவர் மேல சாமி வந்து நிக்கிது. கண்ணு நெலகுத்தி நிக்கிறதப் பாரு.”

பாண்டீஸ்வரி அவர் காலடியில் விழுந்து எழுந்தாள். அன்னக்கொடி சூடத்தட்டை வாங்கி அவர் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினாள். நெற்றியில் குங்குமம் அப்பினாள்.

“எடம் காட்டிருச்சு. வாங்கடி, அந்தம்மாவையும் பாத்துட்டு வந்துருவோம்.”

கும்பிட்ட கையை இறக்காமல், வெறுங்காலோடு, மூன்று பேரும் அவரைத் தாண்டி மனைக்குள் போனார்கள். கையில் கட்டிய துணி காற்றில்லாமல் அசைய, அழகுபாண்டி அங்கேயே நின்றார்.